ஆற்றின் சம்மதக் கடிதம்

எங்கள் ஊரில் மாரியம்மனுக்கே 'உங்கள் விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது' என்று அரசாங்கத் தாளில் முத்திரை குத்திப் பதிவுத் தபாலில் அனுப்பிய ஒரே மனிதர் தாபோலே. அந்தக் கடிதத்தைத் தட்டச்சு செய்தவள் நான். அம்மன் அவரை ஒன்றும் செய்யவில்லை. எனக்குத்தான் அந்த வாரம் முழுக்கக் கழுத்துச் சுளுக்கு.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்தது. சட்டைப் பைக்கு மேலே தொங்கிய பட்டையில் அது எழுதியும் இருந்தது. ஆனால் ஊரில் யாரும் அதைப் படித்ததாகத் தெரியவில்லை. மலாயில் 'தா போலே' என்றால் 'முடியாது' என்று அர்த்தம். காலையில் அலுவலகத்துக்குள் நுழையும்போது அதைச் சொல்லிக்கொண்டே நுழைவார். சாயங்காலம் கிளம்பும்போதும் யாராவது வாசலில் மறித்து எதையாவது கேட்பார்கள், அதையே சொல்லிவிட்டுப் போவார். சாப்பாட்டுக் கடையில் "அண்ணே, இன்னொரு ரொட்டி போடவா?" என்று கேட்டால்கூட "தா போலே" என்றுதான் பதில் வரும். அப்புறம் இரண்டு ரொட்டி சாப்பிடுவார்.

சாஆவுக்கும் காஹாங்குக்கும் நடுவே எங்கேயோ, எண்ணெய்க்கான செம்பனைத் தோட்டங்களுக்கு மத்தியில் இருக்கிற சின்ன ஊர் எங்களுடையது. ஒரு நீளத் தெரு, ஒரு கோவில், ஒரு பள்ளிவாசல், ஒரு சீனக் கோவில், இவை எல்லாவற்றையும் சுற்றிக்கொண்டு ஓடுகிற ஒரு ஆறு. வருஷத்தில் பத்து மாதம் ஆறு இருக்கிற இடமே தெரியாது. மீதி இரண்டு மாதம் ஊர் இருக்கிற இடம் தெரியாது. அதனால் ஆற்றை ஒட்டிய பள்ளப் பகுதியில் வீடு கட்டுகிறவர்களுக்கு மாவட்ட மன்றம், எங்கள் வாயில் கவுன்சில், ஒரு விதி வைத்திருந்தது. வீட்டின் தரை, வெள்ளக்கோட்டுக்கு மேலே இருக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் அது நிலத்திலிருந்து ஐந்து அடி. அப்படிக் கட்ட முடியாது என்கிறவர்கள் காரணம் எழுதி விலக்கு கேட்கலாம். கேட்கிறவர்களின் நிலத்தை நேரில் போய்ப் பார்த்து, கொடுக்கலாமா கூடாதா என்று குறிப்பு எழுதுவது தாபோலேயின் வேலை. அவர் குறிப்பை வைத்துத்தான் கூட்டத்தில் முடிவு எடுப்பார்கள். நான் கட்டடப் பிரிவில் குமாஸ்தா. அவர் கிறுக்கியதைப் புரிந்துகொண்டு தட்டச்சு செய்வது என் வேலை.

வெயில் காலத்திலும் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டிருப்பார். கையில் ஆள் உயரத்துக்கு ஒரு பிளாஸ்டிக் குழாய், அதில் அங்குலம் அங்குலமாகச் சிவப்பும் வெள்ளையும் பூசிய கோடுகள். காரை அலுவலக வாசலில் நிறுத்தவே மாட்டார். ஊரிலேயே மேடான இடம் சீனர் இடுகாடு. அங்கே, கிளம்பினால் நேராக மலைப் பக்கம் ஓடுகிற மாதிரி மூக்கைத் திருப்பி நிறுத்திவிட்டு, அரை மைல் நடந்து வருவார். "ஏண்ணே, வானத்துல ஒரு மேகம்கூட இல்லையே?" என்று கேட்டால், "மேகம் உங்கிட்ட சொல்லிட்டா வரும்?" என்பார்.

மனிதர்களை அவர் பெயரால் ஞாபகம் வைத்துக்கொண்டதில்லை. கடைசியாக வந்த பெரிய வெள்ளத்தில் அவரவர் வீட்டில் தண்ணீர் எதுவரை ஏறியது என்பதுதான் அவருக்குப் பெயர். தபால்காரர் 'இரண்டாம் படி'. பள்ளித் தலைமை ஆசிரியர் 'ஜன்னல்'. ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் அப்பா ஓடிவந்து கைகுலுக்கினார். தாபோலே அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஓ, நீங்கதானே ஃப்ரிட்ஜ் பாதி?" என்றார். என்னை 'கட்டில் கால்' என்பார். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு இதை விளக்குவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிடும்.

விலக்கு கேட்டு வருகிற விண்ணப்பப் பாரங்களில் காரணம் எழுத நான்கு வரி இடம் இருக்கும். அந்த நான்கு வரியில் எங்கள் ஊர் ஜனங்களின் முழுத் திறமையும் வெளிப்படும். ஒருவர் 'படி ஏறினால் மாமியாருக்கு மூச்சு வாங்கும்' என்று எழுதினார். மாமியார் அப்போது இருந்தது ஈப்போவில். இன்னொருவர் வாஸ்துப்படி ஐந்து அடி ஆகாது, மூன்றே கால்தான் ராசி என்றார். ஒருவர் சுருக்கமாக, 'தண்ணீர் வராது என்று நம்புகிறேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார்.

விலக்கு கேட்பவர்கள் பக்கத்து நிலத்துக்காரர்களிடம் ஆட்சேபணை இல்லை என்று சம்மதக் கடிதம் வாங்கி இணைக்க வேண்டும். மாமியாரின் மூச்சைக் காரணம் காட்டியவர் இடது பக்கம், வலது பக்கம், எதிர்ப்பக்கம் மூன்று பேரிடமும் வாங்கி அழகாகக் கோத்துக் கொடுத்தார். தாபோலே புரட்டிப் பார்த்துவிட்டுச் சிவப்பு மையில் ஒரு வரி எழுதினார்: 'பின்பக்கத்து நிலத்துக்காரரான ஆற்றின் சம்மதக் கடிதம் இணைக்கப்படவில்லை.'

"அண்ணே, இத நான் டைப் பண்ணணுமா?" என்று கேட்டேன்.

"ஏன், தப்பா இருக்கா?"

"ஆறு எப்படிண்ணே கையெழுத்துப் போடும்?"

"போடும் மல்லிகா. செவுத்துல போடும். அவங்க வீட்டுக்குப் போய்ப் பாரு, போன தடவ போட்டது இன்னும் இருக்கு."

அதற்காக அவர் யாருக்குமே விலக்கு கொடுத்ததில்லை என்று நினைத்துவிடாதீர்கள். கார் கழுவுகிற கடைக்கு ஒரே நாளில் கொடுத்தார். 'இது எப்போதும் நனைந்தே இருக்கிறது' என்பது குறிப்பு. வாத்து வளர்க்கிறவருக்குக் கொடுத்தார். ஆனால் தெருவிலேயே பெரிய கட்டடச் சாமான் கடை வைத்திருந்த சொக்கலிங்கம் செட்டியார், ஆற்றோரம் சிமெண்ட் கிடங்கு கட்ட விலக்கு கேட்டபோது, "அய்யா, ஒங்க மூட்டைக்கெல்லாம் நீச்சல் தெரியுமா?" என்று கேட்டுவிட்டார். செட்டியார் சிரித்துக்கொண்டே வெளியே போனார். மூன்று மாதம் எங்கள் அலுவலகத்துக்கு ஒரு ஆணிகூட நேரத்துக்கு வரவில்லை.

இப்போது மாரியம்மன் கதைக்கு வருகிறேன். கோவிலில் அன்னதானக் கூடமும் சமையலறையும் கட்ட முடிவு செய்தார்கள். தலைவர் கணேசனுக்கு எல்லாம் தரைமட்டத்தில் இருக்க வேண்டும், ஆயிரம் பேர் வந்து போக வசதியாக இருக்க வேண்டும் என்று ஆசை. விலக்குக் கேட்டுப் பாரம் நிரப்பினார்கள். விண்ணப்பதாரர் பெயர் என்ற இடத்தில் செயலாளர் பக்தி மிகுதியில் 'ஸ்ரீ மகா மாரியம்மன்' என்று எழுதிவிட்டார். காரணம் என்ற இடத்தில் 'அம்மா காப்பாற்றுவாள்'.

தாபோலே போய்க் குழாயை ஊன்றிப் பார்த்தார். கணேசன் அண்ணன் விடவில்லை.

"நீங்களும் இங்க வந்து தீமிதிச்ச ஆளுதானே? அம்மா மேல நம்பிக்கை இல்லையா ஒங்களுக்கு?"

"அம்மா மேல இருக்கு. அரிசி மூட்டை மேலதான் இல்ல."

கடிதம் விண்ணப்பதாரர் பெயருக்குத்தான் போக வேண்டும் என்பது விதி. விதி என்றால் தாபோலேக்கு விதிதான். 'மதிப்பிற்குரிய புவான் ஸ்ரீ மகா மாரியம்மன் அவர்களுக்கு' என்று, திருமதிக்கு உரிய மரியாதையோடு தொடங்கி, நிராகரிப்பு, மேல்முறையீட்டுக்குப் பதினான்கு நாள் அவகாசம், கீழே அவர் கையெழுத்து. வெள்ளிக்கிழமை பூசை நேரத்தில் தபால்காரர் வந்து, விண்ணப்பதாரர் நேரில் கையெழுத்துப் போட வேண்டும் என்று நின்றிருக்கிறார். ஊர் கொதித்துப் போனது. இரண்டு வேன் நிறைய ஆட்கள் கவுன்சிலுக்கு வந்தார்கள். நான் கழிப்பறையில் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன்.

வெளியே வந்து பார்த்தால், கூச்சல் இல்லை. தாபோலே தரையில் உட்கார்ந்து, கணேசன் அண்ணனும் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் படம் வரைந்துகொண்டிருந்தார்கள். கீழே சுவரே இல்லாத திறந்த கூடம், சிமெண்ட் தரை மட்டும். சமையலறையும் அரிசிக் கிடங்கும் தூண்களுக்கு மேலே. "கீழ இருக்கிறதுக்கு மட்டும் நானே விலக்கு எழுதறேன். தண்ணி வரட்டும், கூடத்தைச் சுத்திப் பாத்துட்டுப் போவட்டும். ஒளிச்சு வச்சிருந்தாத்தான் அதுக்குக் கோவம் வரும்" என்றார். அப்படியே கட்டினார்கள். ஆனாலும் அந்த வருஷத் திருவிழாவில் அவருக்கு மாலை போடவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை. குழாயோடு வந்து, இரண்டு தடவை சாப்பிட்டுவிட்டுப் போனார்.

இதெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்ல முடிகிறது. சரோஜா அக்கா விஷயத்தில் மட்டும் எனக்கே அவர்மேல் வெறுப்பு வந்தது.

சரோஜா அக்கா பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் நாசி லெமாக், அதாவது தேங்காய்ப்பால் சோறு, விற்பவர். கணவர் முனியாண்டி, செம்பனை ஆலையில் நடந்த விபத்தில் இரண்டு கால்களையும் முழங்காலுக்குக் கீழே இழந்தவர். சக்கர நாற்காலியில்தான் எல்லாம். பாதி ஊரைச் சிரிக்க வைக்கிற ஆள். தோட்டத் தொழிலாளர்களுக்கான லயத்து வீட்டைக் காலி செய்யச் சொன்ன பிறகு, இருவரும் சிறுகச் சிறுகச் சேர்த்து ஆற்றுப் பக்கம் ஒரு துண்டு நிலம் வாங்கினார்கள். அவர்கள் பெயரில் முதல் மண். வரைபடத்தைக் கொண்டுவந்து என் மேசையில் விரித்தபோது, அக்கா அந்தக் காகிதத்தைத் துணியைத் தடவுகிற மாதிரி தடவினார்.

"அஞ்சடி ஏத்திக் கட்டச் சொல்றாங்களே மல்லிகா. இவர நான் தெனம் எப்படித் தூக்கிட்டு ஏறுவேன்? தரையோட கட்டிக்கிறோம்னு எழுதிக் கொடும்மா."

நானே எழுதினேன். நான்கு வரி போதாமல் பின்பக்கமும் எழுதினேன். அலுவலகத்தில் ஒருத்தர் பாக்கியில்லாமல் அந்த விண்ணப்பத்தின் பக்கம். எங்கள் மன்றத் தலைவரை நாங்கள் துவான் என்போம். கண்டிப்பான மலாய்க்காரர். அவரே, "இதில் என்ன யோசனை, குறிப்பு வந்ததும் கையெழுத்துப் போடுகிறேன்" என்று சொல்லிவிட்டார்.

தாபோலே நிலத்தைப் பார்த்துவிட்டு வந்தார். குறிப்பில் இரண்டே வார்த்தை எழுதினார். எந்த இரண்டு என்று சொல்லத் தேவையில்லை.

"அண்ணே, அந்த மனுஷனுக்குக் காலே இல்ல" என்றேன்.

"பாத்தேன்."

"பாத்துமா?"

"பாத்ததாலதான்."

குழாயை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். அன்றிலிருந்து அவருக்கு வழக்கமான தே ஓ, அதாவது பால் இல்லாத தேநீர், கலக்குவதை நிறுத்தினேன். அவருடைய குறிப்புகளில் எழுத்துப் பிழைகளைத் திருத்தாமல் அப்படியே தட்டச்சு செய்தேன். ஒரு குமாஸ்தாவால் முடிந்த கொடுமை அவ்வளவுதான். ஊரிலும் அவரை யாரும் விடவில்லை. ரொட்டிக் கடையில் அவர் உட்கார்ந்ததும் பக்கத்து மேசை காலியாகும். முனியாண்டி மட்டும், "விடுங்கப்பா, அவரு என்னா பண்ணுவாரு. எனக்குத்தான் கால் நீளம் பத்தல" என்று சொல்லிச் சிரித்தாராம். அதைக் கேட்டு எனக்குக் கோபம் இன்னும் ஏறியது.

இரண்டு வாரம் ஓடியது. தினமும் மூன்று மணிக்கு மேல் அவர் மேசையில் இருப்பதில்லை. எங்கே போகிறார் என்று யாருக்கும் தெரியவில்லை. ஒருநாள் கோப்பு எடுக்கப் பின்பக்க அறைக்குப் போனபோது, ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பின்முற்றத்தில் கவுன்சில் லாரி நின்றது. அதன் பின்பக்கத்திலிருந்து தரைவரை பலகைகள் சாய்த்துக் கட்டியிருந்தன. மேலே, கிளினிக்கிலிருந்து இரவல் வாங்கிய சக்கர நாற்காலியில், இரண்டு கால்களையும் கயிற்றால் நாற்காலியோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, ரப்பர் பூட்ஸோடு உட்கார்ந்திருந்தார் தாபோலே.

"அண்ணே! என்னண்ணே பண்றீங்க?"

"மல்லிகா, நல்ல நேரத்துல வந்த. கொஞ்சம் பின்னால வந்து..."

நான் ஓடிப்போய்ச் சேர்வதற்குள் நாற்காலி தானே கிளம்பிவிட்டது. பலகையில் தடதடவென்று இறங்கி, முற்றத்தைக் குறுக்கே கடந்து, அப்போதுதான் காரிலிருந்து இறங்கிய துவானை ஒரு அங்குலத்தில் தவறவிட்டு, போகன்வில்லாப் பாத்திக்குள் போய் நின்றது. முள்ளுக்கு நடுவிலிருந்து ஒரு கை மட்டும் வெளியே வந்தது. அதில் நோட்டுப் புத்தகம்.

"எழுதிக்க. இருபது அடிச் சரிவு. தா போலே. கீழ வந்தா நிக்காது."

துவான் கார் கதவை மூடிவிட்டு உள்ளே போய்விட்டார்.

முள்ளை ஒவ்வொன்றாக நான் பிடுங்கியபோதுதான் விஷயத்தைச் சொன்னார். "தண்ணி வந்தா எழுந்து ஓடறவனுக்குத் தரையோட வீடு கொடுக்கலாம், போயித் தொலையட்டும்னு. ஓட முடியாதவனுக்கு எப்படிம்மா கொடுக்கிறது? அந்தம்மா வியாபாரத்துக்குப் போயிருக்கிற நேரத்துல தண்ணி வந்தா? அந்த வீட்ட அஞ்சடிக்கு ஒரு அங்குலம்கூட எறக்கக் கூடாதுன்னு சொல்ற ஆளு நான். ஆனா அந்தாளு அதுல தானே ஏறணும், தானே எறங்கணும். யாரும் தூக்கக் கூடாது. அதான் பாக்குறேன்."

போய்த் தே ஓ கலக்கிக் கொண்டுவந்தேன். வழக்கமாக ஒரு கரண்டி சர்க்கரை. அன்று இரண்டு போட்டேன்.

அடுத்த ஒரு வாரம் நான் தள்ளினேன், அவர் உருண்டார். முப்பது அடி, நாற்பது அடி என்று போய், ஐந்து அடி ஏற அறுபது அடி நீளச் சரிவுப் பாதை இருந்தால்தான் ஒரு மனிதன் தன் கைகளாலேயே சக்கரத்தைத் தள்ளி ஏற முடியும் என்று முடிவுக்கு வந்தார். சரோஜா அக்காவின் நிலத்தின் முகப்போ வெறும் நாற்பது அடி. பாதையை மடக்கி மடக்கிக் கொண்டுபோனாலும், முன்பக்கம் தெருவுக்கு விட வேண்டிய இடத்தில் நான்கு அடி நீட்டிக்கொண்டது. அந்த இடத்தில் எதுவும் கட்டக்கூடாது என்பது இன்னொரு விதி. ஆக, விலக்கு வேண்டும்.

பாரத்தை எடுத்து அவரே நிரப்பினார். வாழ்க்கையில் முதல் தடவையாக மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தார். காரணம் என்ற இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் யோசித்தார். "இந்த நாலு வரி ரொம்பக் கம்மி மல்லிகா. இத்தன வருஷம் எனக்குத் தெரியாமப் போச்சே" என்றார்.

கூட்டத்தில் குறிப்பெடுக்க நானும் இருந்தேன். பேச்சு மலாயில் நடந்தது, தமிழில் சொல்கிறேன். தாபோலே எழுந்து நின்று, பூட்ஸ் கீச்சிட, படத்தைக் காட்டி விளக்கினார். துவான் நெடுநேரம் படத்தைப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, முகத்தில் ஒரு சுருக்கம்கூட அசையாமல் சொன்னார்:

"தா போலே."

மூலையிலிருந்து ஒருத்தர் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார். அடுத்த நொடி அறை முழுக்கச் சிரிப்பு. தாபோலே மட்டும் சிரிக்கவில்லை. அவர் முகம் வெளுத்துப்போயிருந்தது. அந்த வார்த்தை தன் மேல் விழுந்து பார்த்ததில்லை அல்லவா.

"என்ன காரணம், துவான்? காரணம் எழுதிக் கொடுங்கள். கேட்டவர்களுக்கெல்லாம் நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன்" என்றார்.

"பக்கத்து நிலத்துக்காரர்கள் சம்மதித்துவிட்டார்கள். ஆற்றின் கடிதத்தைக் காணோமே" என்றார் துவான்.

தாபோலே வேடிக்கை என்று புரிந்துகொள்ளவில்லை. "சரிவுக்கு அடியில் சுவர் வைக்கவில்லை, துவான். தூண்தான். தண்ணீர் வந்தால் அடியில் புகுந்து போகலாம். ஆற்றுக்கு ஒரு சிரமமும் இல்லை" என்று மன்றாடினார். துவானால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. கையெழுத்தைப் போட்டு, தாளை அவர் பக்கம் தள்ளிவிட்டு, "போலே, போலே! உட்காருங்கள், கீழே விழுந்துவிடப் போகிறீர்கள்" என்றார்.

வீடு எழும்பியது. செட்டியார் தன் லாரியில் சாமான்களை அனுப்பி, "மூட்டைக்கு நீச்சல் தெரியாது, ஒசரமான எடமா பாத்து எறக்குங்கன்னு அந்தாள்கிட்ட சொல்லு" என்று சொல்லியனுப்பினார். முனியாண்டி முதல் நாள் தானே சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு அறுபது அடியும் ஏறி, மேலே போய்த் திரும்பி, கீழே நின்ற எங்களைப் பார்த்தார். "அலமாக், இங்கேருந்து பாத்தா எல்லாரும் குட்டையா இருக்கீங்களே!" என்றார். அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். தாபோலே அங்கே இல்லை. வீட்டுக்குப் பின்னால் போய்க் குழாயை ஊன்றிக்கொண்டிருந்தார்.

அதற்கடுத்த வருஷம், சீனப் பெருநாள் முடிந்த சில வாரங்களில், நான்கு நாள் விடாமல் மழை. ஐந்தாம் நாள் காலை ஆறு தெருவுக்கு வந்துவிட்டது. நான் கவுன்சில் படகில், யார் யார் எந்த வீட்டில் இருக்கிறார்கள் என்று எழுதிக்கொண்டே போனேன். பள்ளப் பகுதியில் பழைய வீடுகள் எல்லாம் மூழ்கி, தண்ணீருக்கு மேலே நின்றது சரோஜா அக்கா வீடுதான். அக்கம்பக்கத்தார் அத்தனை பேரும் அங்கே இருந்தார்கள். நடக்க முடியாத கிழவர்களையும் ஒரு கர்ப்பிணிப் பெண்ணையும் அந்தச் சரிவுப் பாதையில் முனியாண்டியின் நாற்காலியிலேயே வைத்துத் தள்ளிக்கொண்டு போயிருக்கிறார்கள். முனியாண்டி வாசலில் ஒரு பலகையில் உட்கார்ந்து, "செருப்ப கழட்டிட்டு வாங்கப்பா, புது வீடு!" என்று அதிகாரம் பண்ணிக்கொண்டிருந்தார். கோவிலின் மேல்மாடிச் சமையலறையில் அடுப்பு எரிந்தது. கணேசன் அண்ணன் இன்னொரு படகில் சாம்பார் சாதத்தை அண்டாவோடு கொண்டுவந்து இறக்கினார்.

தாபோலே பாதையின் பாதியில், முழங்காலுக்கு மேல் ஏறிய தண்ணீரில், குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றார். விடிந்ததிலிருந்து அங்கேயே நிற்கிறாராம்.

"அண்ணே, மேல ஏறி வாங்க. சாப்பாடு வந்திருக்கு."

"இரு மல்லிகா. இன்னும் நிக்கல. ஏறிக்கிட்டுத்தான் இருக்கு."

"நீங்க பாத்துக்கிட்டே நின்னா நின்னுடுமா லா?"

அவர் திரும்பினார்.

"அஞ்சடி போதும்னு எழுதினது நானும்மா. இந்த வீட்டுல ஏறினா பத்திரம்னு இத்தன பேரையும் வரச் சொன்னது நான். ஆறடி வந்துச்சுன்னா நான் என்ன பதில் சொல்வேன்? முடியாதுன்னு சொல்லிட்டா நிம்மதியா தூங்கலாம். சரின்னு சொல்லிட்டு எவனாலயும் தூங்க முடியாது."

நான் படகைத் தூணில் கட்டச் சொல்லி, இறங்கி அவர் பக்கத்தில் நின்றேன். மேலே முனியாண்டி பார்த்தார். பலகையிலிருந்து தரைக்கு இறங்கி, கைகளை ஊன்றி நகர்ந்து, தண்ணீர் தொடும் இடம் வரை வந்து சரிவில் உட்கார்ந்துகொண்டார். மூன்று பேரும் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு கோடு மறைந்தது. இன்னொன்று பாதி மறைந்தது. பிற்பகல் இரண்டு மணி வாக்கில் அந்தப் பாதிக் கோடு அப்படியே நின்றது. பிறகு, மெதுவாக, முழுசாக வெளியே தெரிந்தது.

வீட்டுத் தரைக்கும் தண்ணீருக்கும் நடுவே எட்டு அங்குலம் மிச்சம்.

"சார்" என்றார் முனியாண்டி, "இப்பவாச்சும் சாப்பிடலாமா?"

தாபோலே அன்று மூன்று தட்டு சாப்பிட்டார். சரோஜா அக்காவே பரிமாறினார். ஒவ்வொரு தடவையும் கேட்காமலே போட்டார். கணேசன் அண்ணன் எங்கிருந்தோ ஒரு சாமந்தி மாலையைக் கொண்டுவந்து அவர் கழுத்தில் போட்டார். ஈரச் சட்டையும் பூட்ஸும் மாலையுமாக, வாய் நிறைய சோற்றோடு, "என்னா இது, என்னா இது" என்று கூச்சப்பட்டுக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்த காட்சியை நான் படம் எடுத்து வைத்திருக்கிறேன். யாரிடமும் காட்டுவதில்லை.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் ஸ்கூடாயில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். அடுக்குமாடிக் கட்டடத்தில் பதினொன்றாவது மாடி. எந்த வெள்ளமும் ஏறி வர முடியாத இடம். போன புதிதில் அவருக்கு அங்கே இருப்புக் கொள்ளவில்லையாம். கீழே கார் நிறுத்துமிடத்தில் மழைநீர் தேங்குவதை அளந்து நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுத்து, காவலாளிகளோடு சண்டை போட்டு, இப்போது அவர்கள் அவரைக் குடியிருப்போர் குழுவில் சேர்த்துவிட்டார்களாம்.

எங்கள் ஊரில் மழை பிடித்தால் பத்து நிமிடத்தில் என் தொலைபேசி அடிக்கும். சாப்பிட்டாயா, தூங்கினாயா என்றெல்லாம் விசாரணை கிடையாது. "எதுவரைக்கும் இருக்கு?" என்பார். நான் குடையை எடுத்துக்கொண்டு ஆற்றுப் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்வேன்.

போன வாரம் நல்ல மழை. அரை மணி ஆகியும் அழைப்பு வரவில்லை. ஒரு மணி ஆனது. வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தேன். கடைசியில் நானே அழைத்தேன். மகள் எடுத்து, "அப்பா குளிச்சிட்டு இருக்காரு ஆன்ட்டி" என்றாள். குடையைச் சுவரில் சாய்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். அவர் வந்து பேசினார். ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம். பேரனுக்குப் பல் முளைத்தது, அங்கே கிடைக்கிற ரொட்டி நன்றாக இல்லை, முனியாண்டிக்கு ரத்த அழுத்தம், என் கழுத்து வலி. மழை எப்போதோ நின்றுவிட்டிருந்தது. ஆற்றைப் பற்றிப் பேச இரண்டு பேருக்குமே ஞாபகம் வரவில்லை.